டிகிரி அக்காவின் குளிர் நோட்டு

யாராவது கைப்பேசியில் வானிலை பார்ப்பது கண்ணில் பட்டால் டிகிரி அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. அருகில் போய் நின்று, "உங்களுக்கு எதுக்குங்க?" என்று கேட்டுவிடுவாள். பேருந்து நிறுத்தமோ, மருந்துக்கடை வரிசையோ, முன்பின் தெரியாத ஆளோ, அதைப் பற்றியெல்லாம் அவளுக்குக் கவலையில்லை. கேட்கப்பட்டவர்கள் முதலில் ஒரு முறை முறைப்பார்கள். பிறகு எப்படியோ சொல்லிவிடுவார்கள். மனிதர்களுக்கு அப்படி ஒரு சுபாவம் இருக்கிறது. வயதைக் கேட்டால் கோபம் வரும். வானிலையைப் பற்றிக் கேட்டால் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள்.

தெருமுனையில் சலவை நிலையம் வைத்திருப்பவருக்கு மருத்துவமனைப் போர்வைகள் அன்றைக்கே காய்ந்தாக வேண்டும். எதிர்வீட்டுக்காரிக்கு மூட்டுவலி. அறிக்கையைப் பார்த்துவிட்டுத்தான் எந்த முழங்கால் வலிக்க வேண்டும் என்று முடிவுசெய்கிறாளோ என்று அக்காவுக்கு வெகுநாளாகச் சந்தேகம். மாடி வீட்டு வங்கி ஊழியர் ஓய்வுபெற்ற பிறகு வாசலைத் தாண்டுவதே இல்லை. ஆனாலும் காலையும் மாலையும் பார்ப்பார். கேட்டதற்கு, "பார்த்தா ஒரு திருப்தி" என்றார். மருந்துக்கடை வரிசையில் ஒரு பெண், விவாகரத்தான கணவன் குடியிருக்கும் ஊரின் குளிரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்க இன்னிக்கு மைனஸ் மூணு" என்று சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை அக்கா வீட்டுக்கு வந்து கணவரிடம் நடித்தே காட்டினாள்.

கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். மூடுபனி என்றால் கால்மணி நேரம் முன்னாலேயே கிளம்ப வேண்டும், அதற்காகப் பார்ப்பார். "ஊரையே கேட்கிறியே, உன்னை யாராவது கேட்டா என்ன சொல்வே?" என்றார் ஒரு நாள்.

"நான் பொழுதுபோகப் பார்க்கலை. எனக்கு அது தொழில்" என்றாள் அக்கா. சொன்னபோது அதில் கொஞ்சம் மமதை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

தொழில், சென்ட்ரிங். கட்டிடத்துக்குத் தளம் போடும்போது, கான்கிரீட் தன் பலத்தில் தானே நிற்கிற வரை அதைத் தாங்குவதற்கு அடியில் பலகை அடித்து, வரிசை வரிசையாக இரும்பு முட்டு கொடுக்கிற வேலை. முட்டு கொடுப்பதை யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம். எப்போது பிரிப்பது என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. அவசரப்பட்டுப் பிரித்தால் தளம் தொய்யும், விரிசல் விடும், அடியில் நிற்பவன் தலையில் இறங்கினாலும் இறங்கும். தாமதித்துப் பிரித்தால் ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த வேலைக்கு வந்த தரைக்கல்காரர், வயரிங்காரர், பூச்சுக்காரர் எல்லோரும் வாசலில் நின்றுகொண்டு வாயில் வந்ததைச் சொல்வார்கள்.

வெயில் காலத்தில் நாளை எண்ணினால் போதும். குளிர் காலத்தில் கான்கிரீட் பெரிய சோம்பேறி. வெயிலில் ஒரு நாளில் ஏறுகிற பலம், குளிரில் ஏற இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்ளும். இது தெரிந்தும் விரலை மடக்கி நாள் எண்ணுகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறைய உண்டு. அக்கா எண்ணுவது நாளை அல்ல, சூட்டை. ஒரு நாளின் அதிகபட்ச டிகிரியையும் குறைந்தபட்ச டிகிரியையும் கூட்டி இரண்டாக வகுப்பாள். வந்த எண்ணை நோட்டில் எழுதுவாள். மறுநாள் எண்ணை அதோடு கூட்டுவாள். கூட்டல் முந்நூறைத் தொட்டால் பிரிக்கலாம். இந்த முந்நூறு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. பல தளங்களைப் போட்டு, பிரித்து, தட்டிப் பார்த்து அவளாகவே பிடித்த எண். இருபத்தோரு குளிர்காலமாக அந்த எண் அவளைக் கைவிட்டதில்லை.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. சைட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் பட்டப்பெயரைக் கேட்டுவிட்டு, "அக்கா என்ன டிகிரி முடிச்சிருக்கீங்க?" என்பார்கள். "பதினாலு" என்பாள். அன்றைக்கு நோட்டில் என்ன எழுதியிருக்கிறாளோ, அதுதான் பதில்.

அந்தக் குளிர்காலத்தில் அவள் கையில் இருந்தது ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடம். முந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும், நடுவில் தூணே கூடாது என்று பள்ளிக்காரர்கள் பிடிவாதம் பிடித்ததால் அகலமான தளம். சைட் இன்ஜினியர் வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன் மகன்தான். தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. வீட்டில் "டேய்", சைட்டில் "சார்" என்று முதல் நாளே பேசி முடித்திருந்தார்கள். அவனும் வாய் தவறி வரும் "அத்தை"யை விழுங்கிவிட்டு "மேஸ்திரியம்மா" என்பான். அவனுக்கு அது முதல் சைட்.

தளம் போட்டு இருபத்தோராம் நாள், வெள்ளிக்கிழமை, பெரிய இன்ஜினியர் பையனைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். இன்னும் ஏன் பிரிக்கவில்லை, திறப்புவிழாவுக்குத் தேதி குறித்தாகிவிட்டது தெரியாதா என்று கேட்டார். "நாளைக்கு எங்க மேஸ்திரியம்மா நோட்டுல முந்நூறு தாண்டிடும் சார், திங்கக்கிழமை பிரிச்சிடலாம்" என்றான் பையன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "க்யூப் ரிசல்ட் இருக்கா, நோட்டு மட்டும்தானா?" என்றார் பெரியவர். க்யூப் என்பது தளம் போட்ட அன்றைக்கு அதே கலவையை அச்சில் ஊற்றி எடுத்துவைத்து, பிறகு ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கிற கட்டி. "அதுவும் பாஸ் சார். ஆனா நான் நம்புறது நோட்டை. இருபத்தோரு வருஷத்து நோட்டு, தப்பவே தப்பாது."

அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். கேட்டதும் உச்சி குளிர்ந்துபோனது. அன்றைக்கு வீட்டில் கணவருக்கு டீயில் சர்க்கரை இரண்டு முறை விழுந்தது.

இருந்தாலும் ஒரு விஷயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. சைட்டில் தளத்துக்கு நீர் விட ஒரு பெரிய டிரம் இருந்தது. வியாழக்கிழமை காலையில் குவளையை விட்டபோது அது தண்ணீருக்குள் இறங்காமல் டொக்கென்று நின்றது. மேலே கண்ணாடி மாதிரி ஓர் ஏடு. விரலால் அழுத்தினாள், உடைந்தது. பனிக்கட்டி. நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். அந்த நாளின் குறைந்தபட்சம் எட்டு என்று எழுதியிருந்தாள். எட்டு டிகிரியில் எந்த ஊரில் தண்ணீர் உறைகிறது? வெள்ளிக்கிழமையும் ஏடு. சனிக்கிழமையும் ஏடு. காலையில் முட்டுக் கம்பியைத் தொட்டால் உள்ளங்கை ஒட்டிக்கொண்டது.

யோசித்து யோசித்து அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த வானிலைக்காரர்கள் தெர்மாமீட்டரை எங்கோ கதகதப்பான இடத்தில் வைத்திருக்கிறார்கள். சமையலறைச் சுவரிலோ, அதிகாரி மேசையிலோ. ஊரே நடுங்கும்போது அது மட்டும் சொகுசாக எட்டு காட்டுகிறது. இருபத்தோரு வருடமாகத் தன் தொழில் நடப்பதே அந்த எண்ணை நம்பித்தான். அந்த எண் பிறக்கிற இடத்தை ஒரு நாளாவது போய்ப் பார்த்தோமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எதிர்வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, நோட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, கடைசி நிறுத்தம் வரை டிக்கெட் எடுத்தாள். சண்டைக்குத்தான் கிளம்பினாள்.

வானிலை நிலையத்தில் ஒரே ஒரு பெண் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். வானத்துக்கு ஞாயிறு விடுமுறை கிடையாதாகையால் அவளுக்கும் கிடையாது.

"உங்க தெர்மாமீட்டரை எங்கங்க வெச்சிருக்கீங்க?" என்றாள் அக்கா, வணக்கம்கூடச் சொல்லாமல்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. இப்படி ஒரு கேள்விக்காகவே பல வருடம் காத்திருந்தவளைப் போல எழுந்தாள். "வாங்க, காட்டுறேன்."

கட்டிடத்துக்குப் பின்னால் வேலி போட்ட புல்வெளி. நடுவில் நாலு கால் வைத்த வெள்ளைப் பெட்டி. சுற்றிலும் சாய்வாகப் பலகை அடுக்கியிருந்தது. உள்ளே வெயில் படாது, காற்று மட்டும் போய் வரும். மரம் இல்லை, சுவர் இல்லை, பக்கத்தில் அடுப்பும் இல்லை. ஊரிலேயே இதைவிடப் பாவப்பட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியைத் திறந்து, பகல் உச்சம் காட்டுவது இது, விடியற்காலைக் குளிர் காட்டுவது இது என்று அவள் விளக்கினாள். அக்காவின் கண் பெட்டிக்குள் போனது, கை மட்டும் பெட்டியின் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தது.

"இந்தக் கால் ஆடுதே."

"ரொம்ப நாளா ஆடுதுங்க. எழுதிப் போட்டிருக்கோம்."

அக்கா ஒரு தட்டைக் கல்லை எடுத்து அடியில் அண்டை கொடுத்தாள். ஆட்டம் நின்றது. சண்டைக்கு வந்த இடத்தில் வேலை செய்துவிட்டோமே என்று பிறகுதான் நினைவுக்கு வந்தது. "சரி, பெட்டி ஒழுங்காத்தான் இருக்கு. அப்புறம் எப்படி வியாழக்கிழமை எட்டு டிகிரின்னு போட்டீங்க? என் டிரம்முல தண்ணி உறைஞ்சு கெடந்துச்சு."

"வியாழக்கிழமையா? எட்டு இல்லையே." உள்ளே போய்ப் பதிவேட்டைத் திருப்பினாள். "குறைந்தபட்சம் பூஜ்யம். அதிகபட்சம் பதினாலு."

"என் நோட்டுல எட்டும் இருபதும் இருக்கு. உங்க அறிக்கையைப் பார்த்துத்தான் எழுதினேன்."

"எப்ப பார்த்தீங்க?"

"முதல் நாள் சாயங்காலம். தினமும் அப்படித்தான். வேலை முடிஞ்சு வந்ததும் பார்த்து, மறுநாள் தேதி போட்டு எழுதிடுவேன்."

"அந்த மறுநாள் முடிஞ்சதும் திரும்பப் பார்ப்பீங்களா? உண்மையில எவ்வளவு வந்துச்சுன்னு?"

அக்கா நோட்டைப் புரட்டினாள். திரும்பப் பார்த்ததே இல்லை. ஆரம்பத்தில், முதல் வருடம், நாளைக்குத் தளத்தின் மேல் சாக்குப் போர்த்த வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளத்தான் முதல் நாளே பார்த்து எழுதி வைத்தாள். அப்போது அது சரியான வழக்கம். பிறகு கூட்டல் போட எண் தேவைப்பட்டபோது, ஏற்கெனவே எழுதி வைத்ததையே எடுத்துக் கூட்டினாள். கூட்டியது வரப்போவதாகச் சொன்ன சூட்டை. வந்த சூட்டை அல்ல. இருபத்தோரு வருடத்தில் ஒரு தடவைகூட இது உறைக்கவில்லை.

"பெரும்பாலும் சொன்னதும் வந்ததும் கிட்டக்கிட்டதான் இருக்கும்" என்றாள் அந்தப் பெண், அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து. "இந்தத் தடவைதான் மோசம். பன்னெண்டு நாளா மலைப்பக்கத்துக் காத்து இறங்குது. நாளைக்கு நின்னுடும், நாளைக்கு நின்னுடும்னு தினமும் போடுறாங்க. அது நிக்கலை."

"உங்ககிட்ட யாரும் நேத்தைய குளிரைக் கேட்டு வர மாட்டாங்களா?"

"ஒரு வக்கீல் வருவார். விபத்து நடந்த அன்னிக்கு மூடுபனி இருந்துச்சான்னு கேட்பார். அப்புறம் இன்ஷூரன்ஸ்காரங்க. நடந்து முடிஞ்ச வானிலை வேற யாருக்குங்க வேணும்?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு நாளையும் புதிதாகக் கூட்டினாள். முதல் பத்து நாள் சரியாகவே இருந்தது. பிறகுதான் சரிவு. தன் நோட்டில் பதினாலு பதினாலாக ஏறிக்கொண்டு போன நாட்கள் இங்கே ஏழு, ஏழரை என்று இருந்தன. நோட்டின் கூட்டல் முந்நூற்றொன்று. பதிவேட்டின் கூட்டல் இருநூற்றிருபது. தவறு இருக்குமோ என்று கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டினாள். அதே இருநூற்றிருபதுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிரிப்பதற்கு ஆள் சொல்லியாகிவிட்டது.

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. மனம் முதலில் ஒளிந்துகொள்ள இடம் தேடியது. இதுவரை போட்ட அத்தனை தளத்துக்கும் இப்படித்தானே கூட்டினோம், ஏதாவது விழுந்ததா? இதுவும் நிற்கும். க்யூப் பாஸ் ஆகியிருக்கிறது. பெரிய இன்ஜினியரே சரி என்கிறார். பிறகு, பொய்க்கு இடம் தேடியது. முட்டைத் திருகிக் கழட்டுகிற சாவிகளை எங்கோ மறந்து வைத்துவிட்டேன் என்று சொன்னால் என்ன? சாவி கிடைக்க எத்தனை நாளாகும், இரண்டு நாளா? காய்ச்சல் என்று படுத்துக்கொண்டால்? அவள் படுத்துக்கொண்டால் வேறு ஒருவன் பிரித்துவிட்டுப் போவான். நோட்டு தப்பாது என்று அந்தப் பையன் போனில் சொன்ன குரல் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. அவனுக்கு முதல் சைட். தன்னால் அவன் தலை குனியப் போகிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியில் வானிலை பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு மட்டும் அக்கா எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் கணவர் வேனின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சாவி தொலைக்கும் யோசனையையும் சேர்த்துத்தான். அவர் துணியைப் பிழிந்து உதறினார்.

"நாளைக்கு எத்தனை பேர் உள்ள நிக்கப்போறாங்க?"

"நாலு பேர்."

"நீ எங்க நிப்பே?"

"நான் வெளிய. ஓரமா நின்னு எந்த வரிசைன்னு சொல்லுவேன். எப்பவும் அப்படித்தான்."

அவர் கண்ணாடியின் மறுபக்கத்தைத் துடைக்கப் போனார். அக்கா உள்ளே போய், மறுநாள் உடுத்தும் சேலையை எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை ஏழரைக்கே சைட்டுக்குப் போய்விட்டாள். நாலு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவனுக்குச் 'சுத்தியல்' என்று பெயர். பேச்சும் அப்படித்தான் இருக்கும். தரைக்கல்காரர்களின் வண்டிகூட வாசலில் வந்து நின்றுவிட்டது. பையன் தலைக்கவசத்தோடு அலுவலகக் கொட்டகையிலிருந்து வந்தான்.

"என்ன மேஸ்திரியம்மா, ஆரம்பிச்சிடலாமா?"

"வேணாம் சார். பிரிக்க வேணாம். என் கணக்கு தப்பு."

எல்லோர் முன்னாலும்தான் சொன்னாள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்திருந்தாள். ஆனால் தனியாகச் சொன்னால் அவன் கெஞ்சுவான், தான் இளகிவிடுவோம் என்று பயமாக இருந்தது. நோட்டை விரித்து, பதிவேட்டிலிருந்து எழுதி வந்த தாளைப் பக்கத்தில் வைத்தாள். எப்படி எழுதினாள், எதைக் கூட்டினாள் என்பதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

பையனின் முகம் வெளுத்தது. "க்யூப் பாஸ் ஆயிடுச்சே அத்தை" என்றான். 'மேஸ்திரியம்மா' என்ற சொல் எங்கோ போய்விட்டது.

"உன் க்யூப் எங்கடா இருந்துச்சு? உன் கொட்டகையில, ஹீட்டருக்குப் பக்கத்துத் தொட்டியில. அது உள்ள படுத்துச்சு. தளம் வெளிய படுத்துச்சு. ரெண்டும் ஒண்ணாடா?"

அவன் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தான். ஹீட்டர் வாங்கி வைத்தவனே அவன்தான். கைப்பேசியை எடுத்தான். பெரிய இன்ஜினியரின் குரல் டீ குடிக்கிறவர்கள் வரைக்கும் கேட்டது. "நோட்டு தப்பவே தப்பாதுன்னு சொன்னது நீதானே? இப்ப அந்த நோட்டே தப்புங்கிறே. எதைத்தான்யா நம்பச் சொல்றே?"

"நோட்டை நம்பித்தான் சார் பிரிக்கலாம்னு சொன்னேன். நோட்டு தப்புன்னா பிரிக்கக் கூடாதுன்னுதானே அர்த்தம்? பிரிக்கலை சார்."

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வந்ததை இங்கே எழுத வேண்டாம். பையன் காதில் வைத்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். போனை வைத்ததும் அக்காவைப் பார்க்காமல் கொட்டகைக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் ஹீட்டர் இருந்த இடத்திலிருந்து தண்ணீர்த் தொட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. வெளியே இழுத்து வந்து தளத்தின் நிழலில் வைத்தான். இருக்கிற மூன்று க்யூபும் இனி தளத்தோடுதான் குளிரும் என்றான்.

தரைக்கல்காரர்கள் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். போகும்போது என்ன சொன்னார்கள் என்பதை யாரும் ஊகிக்கலாம். சுத்தியல் காலி டீக் கோப்பையை ஓங்கிக் கீழே போட்டான். "இருபத்தோரு வருஷமா நாளைக்கு வரப்போற குளிரை எழுதியிருக்காங்களாம். இனிமே இவங்க டிகிரி அக்கா இல்லடா, ஜோசியக்கா." மற்ற மூன்று பேரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தப்பில்லாத பெயர்தான் என்று அவளுக்கே தோன்றியது.

அன்றிலிருந்து தினமும் காலையில் வானிலை நிலையத்துக்குப் போன் போட்டாள். எடுக்கிற குரல் இவளைத் தெரிந்துகொண்டது. "நேத்து பதிமூணு, ரெண்டு" என்று நேராக எண்ணுக்கு வந்துவிடும். ஒரு நாள் அக்கா கேட்டாள், "நீங்க உங்களுக்காக நாளைய அறிக்கையைப் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேனே. மறுநாள் எவ்வளவு தப்புன்னு சரிபார்க்கத்தான்." அக்கா சிரித்துவிட்டாள். அத்தனை பேரைக் கேட்டும் இப்படி ஒரு காரணம் அவளுக்குக் கிடைத்ததில்லை.

புதன்கிழமையோடு மலைக்காற்று நின்றது. டிரம்மில் ஏடு கட்டவில்லை. பத்து நாளாகும் என்று நினைத்தது எட்டே நாளில் முடிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முடிந்தபோது கூட்டல் முந்நூற்றிரண்டு. இந்த முறை நடந்து முடிந்த முந்நூற்றிரண்டு. வெளியே குளிரில் கிடந்த க்யூபில் ஒன்றைப் பையன் சனிக்கிழமையே நசுக்கிப் பார்த்துவிட்டு வந்திருந்தான். போதும் என்று மட்டும் சொன்னான். முந்தைய திங்கட்கிழமை தளம் எந்தப் பலத்தில் இருந்திருக்கும் என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு நாலு பேரும் வரிசையாக நின்றார்கள். அக்கா சேலையைத் தூக்கிச் செருகினாள். முட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள்.

"யாரும் உள்ள வராதீங்க. முதல் முட்டு நான் கழட்டுறேன்."

"எதுக்குக்கா?" என்றான் சுத்தியல்.

"சொன்னதைக் கேளு."

முட்டுகளுக்கு நடுவே குனிந்து குனிந்து உள்ளே போனாள். தளத்தின் அடியில் அரையிருட்டு, ஈரக் கான்கிரீட் வாசனை. இருபத்தோரு வருடமாகக் கொடுத்த முட்டுகளுக்குக் கணக்கில்லை, ஆனால் பிரிக்கிற நாளில் உள்ளே நின்றது இல்லை. வெளியே நின்று பார்த்தால் தளம் ஒரு கோடுதான். உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தபோது அது எவ்வளவு பெரிசு, எவ்வளவு கனம் என்று தெரிந்தது. நடு வரிசையில், சரியாக நடுவில் இருந்த முட்டின் மரையில் சாவியைப் போட்டுத் திருகினாள். கிரீச் என்றது. அரைச் சுற்று. இன்னொரு அரைச் சுற்று. முட்டின் தலைக்கும் பலகைக்கும் நடுவில் முடியளவு வெளிச்சம் தெரிந்தது. மேலே இருந்து சத்தம் ஏதாவது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தெருவில் ஒரு வண்டி போனது. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது. பலகை அதே இடத்தில் இருந்தது. தளம் கீழே வரவில்லை.

அவள் முட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினால், சுத்தியல். வராதே என்று சொல்லியும் வந்திருந்தான். பக்கத்தில் நின்று, அண்ணாந்து பார்த்தான். அந்த முகத்தில் கேலி எதுவும் இல்லை.

"போன திங்கக்கிழமை பிரிச்சிருந்தா என்னக்கா ஆயிருக்கும்?"

"தெரியாதுடா."

"நின்னிருக்குமோ?"

"நின்னிருக்கலாம். யாருக்குத் தெரியும்?"

அவன் குனிந்து தரையைப் பார்த்தான். காலால் சிமெண்ட் தூசியைத் தள்ளினான்.

"அன்னிக்கு நடு வரிசையை எனக்குத்தான் குடுத்திருந்தீங்க" என்றான். "ஞாபகம் இருக்கா? இந்த முட்டுதான் நான் முதல்ல கழட்டியிருப்பேன்."

அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு சாவியை அவன் கையில் கொடுத்தாள். அவன் கை சில்லென்று இருந்தது, அவளுடையதும் அப்படித்தான். அவள் வெளியே போகாமல் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். அவன் அடுத்த முட்டைத் திருக ஆரம்பித்தான்.